பானையைத் தூக்கிக் காட்டும் ஓய்!

உத்திரமேரூர் என்ற பெயரைக் கேட்டாலே மேடைப் பேச்சாளர்களுக்கு மயிர்க்கூச்செறியும். ‘உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்த மண்’ என்று மைக்கைப் பிடிப்பார்கள். பின்னால் நாற்காலியில் இருக்கும் ஒன்றியச் செயலாளர், அந்த மண்ணைத்தான் நேற்று இரவு லாரியில் ஏற்றினார் என்பதை மறந்து கைதட்டுவார்.

பெருமை பொய்யில்லை. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் முதலாம் பராந்தக சோழனின் இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டு, இன்னொன்று 921. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று அங்குலம் அங்குலமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், கைதட்டுகிறவர்கள் எல்லோரும் பானையை மட்டும் பார்க்கிறார்கள். பானையைச் சுற்றி வெட்டியிருக்கும் தடைகளை வாசிப்பதில்லை. ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று ஒரு சுவரில் எழுதியிருந்தால் அந்தச் சுவரின் வரலாறு நமக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா? அப்படித்தான் இந்தக் கல்வெட்டையும் வாசிக்க வேண்டும். ஊரில் ஒருவரும் செய்யாத திருட்டுத்தனத்துக்கு யாரும் வேலை மெனக்கெட்டுச் சிற்பியைக் கூப்பிட்டு விதி வெட்டமாட்டார்கள்.

முதலில் ஊர். உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். பல்லவர் காலத்திலிருந்து வேதம் ஓதும் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட நிலம். வயிரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரி. முப்பது குடும்புகள், அதாவது முப்பது வார்டு. ஊரை ஆள மகாசபை. அரசன் பராந்தகனோ மதுரையைக் கொண்டாயிற்று, அடுத்து என்ன கொள்ளலாம் என்று அலைந்துகொண்டிருந்த காலம். அவனுக்கு இந்த ஊரின் தோட்டத்தையும் மதகையும் கவனிக்க நேரமில்லை. ஆகவே தன் சார்பில் ஓர் அதிகாரியை அனுப்பினான். தத்தனூர் மூவேந்தவேளான். சபை கூடி விதிகளை முடிவுசெய்தபோது இவர் உடனிருந்தார் என்று கல்வெட்டே சொல்கிறது. இன்றைய பாஷையில் மேலிடப் பார்வையாளர். ‘முடிவு உங்களுடையதுதான், நான் சும்மா இருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சொறிவதிலேயே தீர்ப்பு சொல்கிற இனம்.

இனி பானை. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலைகளில் எழுதி, கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று வாயோலை பூட்டி, குடத்தில் போட வேண்டும். மகாசபை சிறியவர் பெரியவர் எல்லோருமாகக் கூட வேண்டும். அன்று ஊரில் இருக்கிற கோயில் நம்பிமார், அதாவது அர்ச்சகர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் உள் மண்டபத்தில் வந்து உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, கண்ணை மேலே வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தெரியும்படி பானையைத் தூக்கி நிற்க வேண்டும். விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்லி, அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை மறுபடி அவனே எடுத்து மத்யஸ்தன் கையில் கொடுக்க வேண்டும். மத்யஸ்தன் அதை எப்படி வாங்க வேண்டும்? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்.

ஐந்து விரலையும் அகல விரித்து! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த ஒரு வரி கல்லில் ஏறுவதற்கு முன்னால் எத்தனை மத்யஸ்தர்கள் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் எத்தனை ஓலைகளைச் செருகி வைத்திருந்திருப்பார்கள்! மூத்த நம்பி ஏன் மேலே பார்க்க வேண்டும்? ஒருகாலத்தில் யாரோ ஒரு நம்பி கீழே பார்த்திருக்கிறார். பானையை ஏன் தூக்கிக் காட்ட வேண்டும்? காட்டாமல் வைத்திருந்த வருஷத்தில் பானைக்குள் ஒரே ஆளின் பெயர் முப்பது ஓலையில் இருந்திருக்கும். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கத்தியிருப்பார்: “பானையைத் தூக்கிக் காட்டும் ஓய், நாங்கள் பார்க்க வேண்டாமா?” அவர் பெயர் வரலாற்றில் இல்லை. அவருடைய கத்தல் மட்டும் விதியாகிவிட்டது என்று நான் நம்புகிறேன். ஆதாரம் கேட்காதீர்கள்.

ஊடகம் என்று பார்த்தால் அந்த நம்பிமார்தான். மத்யஸ்தன் ஓலையை வாசித்ததும், மண்டபத்தில் இருக்கிற நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையை வாங்கி வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் செல்லும். பத்துப் பேர் இருந்தால் பத்துத் தடவை ஒரே பெயர். இன்றைக்கு ஒரே செய்தியைப் பத்துச் சேனல் சொல்வதைப் போலத் தோன்றலாம். வித்தியாசம் ஒன்று உண்டு. அவர்கள் ஓலை வெளியே வந்த பிறகு வாசித்தார்கள். நம்மவர்கள் ஓலை எழுதுவதற்கு முன்பே வாசிக்கிறார்கள்.

குலுக்கலில் ஒரு பெரிய நஷ்டம், ‘முன்னிலை’ என்ற தொழிலே அழிந்துபோவது. இரவு எட்டு மணிக்கு நாலு பேரை உட்காரவைத்து, “பத்தொன்பதாம் குடும்பில் அலை யார் பக்கம்?” என்று விவாதிக்க முடியாது. அலை அந்தப் பையன் பக்கம். அவனோ மூக்கைத் துடைத்துக்கொண்டு, எப்போது விளையாடப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். கருத்துக்கணிப்பு எடுப்பதென்றால் அவனிடம்தான் எடுக்க வேண்டும். கடலைமிட்டாய் கொடுத்தாலும் பிரயோஜனமில்லை. அவனுக்கு எழுத்து தெரியாது.

பையனை வைத்து அரசியல் செய்தது நாம் மட்டுமல்ல. சுமார் 350 வருஷம் கழித்து, 1268-இல் வெனிஸ் நகரத்தார் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை கண்டுபிடித்தார்கள். சீட்டுப் போட்டு முப்பது பேர், அவர்களில் சீட்டுப் போட்டு ஒன்பது, அந்த ஒன்பது பேர் தேர்ந்தெடுக்கும் நாற்பது, அதில் சீட்டுப் போட்டுப் பன்னிரண்டு என்று ஏறி இறங்கி, கடைசியில் நாற்பத்தொரு பேர் கூடித் தலைவரை முடிவுசெய்வார்கள். அங்கேயும் சீட்டுக்கான உருண்டையை எடுக்க ஒரு சிறுவன். ஆக, பெரியவர்கள் எல்லாம் அயோக்கியர்கள் என்பதில் வெனிஸ்காரர்களுக்கும் உத்திரமேரூர்க்காரர்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

இவ்வளவு இறுக்கமாகப் பானையைக் கட்டிவிட்டால், சிபாரிசு பிடிக்கிறவன் எங்கே போவான்? அவன் பானைக்கு முன்னால் போய் நின்றுகொள்வான். எந்த ஓலை உள்ளே போகலாம் என்பதை முடிவுசெய்கிற இடத்தில். அங்கேதான் இந்தக் கல்வெட்டின் உண்மையான தமாஷ் இருக்கிறது.

தகுதிகளைப் பாருங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வாடகைக்காரனுக்கு இடமில்லை. வேதம் தெரிந்திருக்க வேண்டும். போன மூன்று வருஷத்தில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் வரக்கூடாது. இதுவரை சரி. அடுத்து வருகிறது பாருங்கள்: கணக்குக் காட்டாதவனின் சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமன், அப்பாவோடு பிறந்தவன், தன்னோடு பிறந்தவன், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மருமகன், அப்பா, மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகையே போட்டு, இவர்கள் ஒருவரும் வரக்கூடாது என்கிறது.

இந்தப் பட்டியலை எழுதியவன் சட்ட நிபுணன் இல்லை; அடிபட்டவன். முதல் வருஷம் ஏரி வாரியக் கணக்கை விழுங்கியவனைத் தடுத்திருப்பார்கள். மறுவருஷம் அவன் மச்சான் வந்து உட்கார்ந்திருப்பான். மச்சானைத் தடுத்தால் மாப்பிள்ளை. மாப்பிள்ளையைத் தடுத்தால் அம்மாஞ்சி. ஒவ்வோர் உறவும் ஒரு தடவை வந்து ஊரை மொட்டையடித்த பிறகே கல்லில் ஏறியிருக்க வேண்டும். நான் தேடிப் பார்த்தவரையில் அந்தப் பட்டியலில் ஷட்டகர் மட்டும் இல்லை. மனைவியின் தங்கை புருஷனை எப்படித் தப்பவிட்டார்கள்? இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, எந்த ஷட்டகனும் இன்னொரு ஷட்டகனுக்கு உதவமாட்டான் என்ற உலக அனுபவம். இல்லையென்றால், விதியை எழுதிய குழுவில் ஒரு ஷட்டகர் இருந்திருக்கிறார்.

மகாபாதகம் செய்தவன், திருடன், ஊருக்கே முள்ளாய் இருப்பவன், பொய்க் கையெழுத்துப் போட்டவன், கழுதை ஏறியவன் ஆகியோருக்கும் கதவு சாத்தியாயிற்று. கழுதை சவாரி அந்தக் காலத்துத் தண்டனை, பொழுதுபோக்கு இல்லை. சில குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்து சுத்தமாகிவிட்டாலும் சாகிறவரைக்கும் வாரியம் கிடையாது என்கிறது கல்வெட்டு. கட்சி மாறிய மறுநாளே வழக்குகள் வெளுத்துப்போகிற நம் காலத்தில் இதைப் படிக்கும்போது, சோழர்களுக்கு அரசியல் வளர்ச்சி போதாது என்றுதான் தோன்றுகிறது.

இப்போது ருசிகரமான இடம். 919-இல் ஒரு தடவை விதிகளை முடிவுசெய்தாயிற்று. இரண்டே வருஷம். 921-இல் மறுபடி சபை கூடுகிறது, மறுபடி மேலிடப் பார்வையாளர், மறுபடி புது விதிகள். ஏன்? முதல் கல்வெட்டில் வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கணக்குப் போடுங்கள். கீழே ஐந்து வருஷம் வெட்டு. மேலே பத்து வருஷம் நீட்டிப்பு. அறுபதைத் தாண்டியவர்கள் அந்த இரண்டு வருஷமும் சும்மா இருந்தார்கள் என்று நம்ப நான் தயாரில்லை.

எனக்குக் காட்சி தெரிகிறது. கோயில் திண்ணை. அறுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர், அறுபத்தேழு வயதுக்காரர் ஒருவர்.

“என்ன அண்ணா, முப்பது வயசுப் பொடியனெல்லாம் ஏரி வாரியமாம். மதகு எந்தப் பக்கம் திறக்கும்னு அவனுக்குத் தெரியுமோ?”

“தெரியாதுடா. போன மழைக்கு மதகைத் திறந்தான் பார், நம்ம வயலுக்குத் தண்ணி வரவேயில்லை.”

“வந்ததே அண்ணா, எல்லார் வயலுக்கும் சமமாத்தான் வந்தது.”

“அதைத்தான் சொல்றேன். அனுபவம் போதாது.”

அடுத்த பார்வையாளர் வருகிறார். இவர் பெயர் கல்வெட்டில் நீளமாக இருக்கிறது: கரஞ்சைக் கொண்டயக் கிரமவித்தபட்டன் ஆகிய சோமாசிப்பெருமான். பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, வேதத்தைக் கரைத்துக் குடித்த பட்டர். மூவேந்தவேளானிடம் கொஞ்சம் தள்ளி நின்று பேசியவர்கள் இவரிடம், “வாருங்கோ சோமாசியாரே, ஆத்துல இலை போட்டாச்சு” என்று உரிமையோடு கூப்பிட்டிருப்பார்கள். அவர் வந்த வருஷத்துக் கல்வெட்டில் புதிதாக ஒரு சலுகை முளைக்கிறது. கால் வேலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அரைக்கால் வேலி போதும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் எடுத்துச் சொல்லத் தெரிந்திருந்தால். நிலம் குறைந்த பண்டிதர்களுக்குப் பாதி விலையில் டிக்கெட். பட்டர் வந்தார், பட்டர்களுக்கு வழி பிறந்தது. அவர் மேல் குற்றம் சாட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அவர் போய் ஆயிரத்து நூறு வருஷம் ஆகிவிட்டதால் அவதூறு வழக்கும் வராது. ஆகவே தைரியமாகச் சந்தேகப்படுகிறேன்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதே 921 கல்வெட்டு கணக்கர்களின் கழுத்தையும் நெரிக்கிறது. தான் எழுதிய கணக்கைத் தானே வந்து ஒப்புவித்து, சுத்தம் என்று பெயர் வாங்கும்வரை கணக்கனுக்கு மறுபடி வேலை கிடையாது. இன்னொருவர் வந்து முடித்துவைக்கவும் கூடாது. ‘அவர் லீவில் இருக்கிறார், ஃபைல் என்னிடம் இல்லை’ என்ற மந்திரத்தை 921-லேயே ஒழித்துக்கட்டப் பார்த்திருக்கிறார்கள். மந்திரம் வென்றது.

ஒரு வருஷப் பதவிக்கு, அதுவும் முந்நூற்று அறுபதே நாள், எதற்கு இத்தனை அடிதடி? குடும்புக்கு ஒருவராக வந்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். ஏரி என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் யார் வயல் முதலில் நனைகிறது என்ற கேள்வி. இது தவிரப் பொன் வாரியம், பஞ்சவார வாரியம். பொன்னைப் பற்றி இந்த ஊரில் இன்னொரு ஏற்பாடும் உண்டு: பொன்னை உரைத்துப் பார்க்கிறவர்கள், உரைகல்லில் ஒட்டிய துகளை மெழுகில் ஒற்றி எடுத்து, அந்த மெழுகை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். கல்லில் ஒட்டிய பொடியைக்கூட நம்பி விடவில்லை. அந்த மெழுகு ஏரி வாரியத்திடம் போன பிறகு என்ன ஆயிற்று என்பது தனிக் கட்டுரை.

இதையெல்லாம் அமெரிக்காவோடு ஒப்பிட்டால் அவர்கள் நம்மிடம் பாடம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். அங்கே ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் பிரைமரி என்று கட்சிக்குள் ஒரு தேர்தல். யார் வேட்பாளர் என்று மாநிலம் மாநிலமாக மக்களே ஓட்டுப் போட்டு முடிவுசெய்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பானையில் யார் பெயர் போவது என்பது அதற்கு ஒரு வருஷம் முன்பே, பணக்காரர்களின் விருந்து மேஜையிலும் டிவி ஸ்டூடியோவிலும் முடிவாகியிருக்கும். அதற்கு அவர்களே ‘கண்ணுக்குத் தெரியாத பிரைமரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1968-இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூட நிற்காமலேயே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆனார். கட்சிப் பெரியவர்கள் பானையைத் தூக்கிக் காட்டவே இல்லை. கட்சி மாநாட்டுக்கு வெளியே சிகாகோ தெருவில் போலீஸ் இளைஞர்களை அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் விதிகளைத் திருத்தினார்கள். அதுவும் அடிபட்டு எழுதிய பட்டியல்.

அயோவா என்று ஒரு மாநிலம், சோளக் காடு. நெடுங்காலம் அங்கேதான் வேட்பாளர் தேர்வு முதலில் நடந்தது. அதனால் ஜனாதிபதியாக ஆசைப்படுகிற எவரும் அங்கே போய்ச் சோளத்திலிருந்து காய்ச்சுகிற எத்தனாலைக் கும்பிட்டாக வேண்டும். எத்தனால் மானியத்தை எதிர்த்த ஜான் மெக்கெய்ன் 2000-இல் அந்த மாநிலத்தையே சுற்றிக்கொண்டு போய்விட்டார். நம் ஏரி வாரியம் கெட்டது, அவர்களுடைய சோள வாரியத்திடம். 2004-இல் அதே அயோவாவில் மூன்றாம் இடம் வந்த ஹோவர்ட் டீன், தொண்டர்களை உற்சாகப்படுத்த ஒரு கத்தல் கத்தினார். டிவிக்காரர்கள் அதை நாள்கணக்கில் திரும்பத் திரும்பப் போட்டே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நம்பிமார் பத்துத் தடவை வாசித்து ஒருவரைப் பதவிக்கு அனுப்பினார்கள். இவர்கள் நூறு தடவை வாசித்து ஒருவரைப் பதவியிலிருந்து காப்பாற்றினார்கள். 2020-இல் ஓட்டுக் கணக்கை அனுப்பச் செய்த செயலி அன்றைக்கே படுத்துக்கொண்டது. பானை படுத்ததாகச் சரித்திரமில்லை.

பணமும் எல்லா நேரமும் ஜெயிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெப் புஷ்ஷுக்காக அவருடைய ஆதரவாளர் குழு 100 மில்லியன் டாலருக்கு மேல் திரட்டியது. 2016 பிப்ரவரியில் அவர் ஒதுங்கியபோது கையில் இருந்தது நான்கே பிரதிநிதிகள். அந்தப் பணத்துக்கு ஆளுக்கு அரைக்கால் வேலி வாங்கிக் கொடுத்து வேதம் படிக்கவைத்திருக்கலாம்.

ரொம்பவும் சிரிக்க வேண்டாம். உத்திரமேரூரின் பானை சுத்தமானது, பையன் சுத்தமானவன், விரல்கள் ஐந்தும் விரிந்திருந்தன. ஆனால் அந்த வயல்களை உழுதவர்கள், ஏரியைத் தூர் வாரியவர்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்கள் யாருடைய ஓலையும் உள்ளே போகவில்லை. ஒரு பெண்ணின் பெயர்கூடப் போகவில்லை. அவர்களுக்குத் தடை எழுதவும் சபை மெனக்கெடவில்லை. மச்சானையும் மாப்பிள்ளையையும் தடுக்கக் கல் வேண்டியிருந்தது. இவர்களைத் தடுக்க ஒரு வரிகூட வேண்டியிருக்கவில்லை. இதைவிடத் திறமையாக வேலை பார்த்த லாபியை நான் எங்கும் படித்ததில்லை.

பிற்காலத்தில் எல்லோரும் இந்தச் சுவரைத் தேடி வந்தார்கள். 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் பஞ்சாயத்துகளுக்காக வாதாடியபோது டி. பிரகாசம் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக் காட்டினார். 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி இதே ஊரின் பெயரைச் சொன்னார். அவர் சொன்ன அந்த நாளில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர்கூடக் கிடையாது. 2016 அக்டோபரில் பழையவர்களின் காலம் முடிந்தது. தேர்தல் நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டது. மற்ற பல மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் நடந்தபோதும் மாவட்டப் பிரிவினையைக் காட்டி இதைத் தள்ளிவைத்தார்கள். கடைசியில் 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் பெட்டி வந்தது. அதுவரைக்கும் ஐந்து வருஷம் தனி அலுவலர் ஆட்சி. முந்நூற்று அறுபது நாளுக்கு மேல் ஒருவன் உட்காரக் கூடாது என்று வெட்டிவைத்த கல்லுக்குப் பக்கத்திலேயே.

பானை மட்டும் எங்கும் போய்விடவில்லை. ஓட்டு சமமாக விழுந்தால் குலுக்கல்தான் என்று நம் தேர்தல் சட்டமும் சொல்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தொகுதியில் இருவருக்கும் ஆளுக்கு 11,608 ஓட்டு. 2018 ஜனவரி 4 அன்று இருவர் பெயரையும் ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, நீலமும் வெள்ளையுமான ஒரு பீங்கான் கிண்ணத்தில் வைத்துக் குலுக்கி எடுத்தார்கள். குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி பெயர் வந்தது. மாநில சபையே அந்தக் கிண்ணத்தால் 51-49 என்று அவர்கள் கட்சி கையில் நின்றது. சீட்டை எடுத்தவர் சிறுவன் இல்லை, தேர்தல் வாரியத்தின் பெரிய மனிதர். அவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாரா என்று கேட்க அங்கே உத்திரமேரூர்க்காரர் யாரும் இருக்கவில்லை.